பங்குனி, சித்திரையில் அன்னபூர்ணா அடிவார முகாம்: மாறும் வானிலைக்கு ஏற்ப நடையைத் திட்டமிடும் முழுமையான வழிகாட்டி

மார்ச் நடுப்பகுதியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான காலத்தில் நேபாளத்தின் அன்னபூர்ணா அடிவார முகாமுக்கு நடந்து செல்ல விரும்புபவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பாதையில் இளவேனிற்காலத்தில் நான்கு முறை நடந்திருக்கிறேன். அவற்றில் மூன்று முறை, உயர்மலையை முதன்முதலாகப் பார்க்கும் சமவெளிக்காரர்கள் உடன் வந்தார்கள். அவர்களில் ஏறும் வலிமை இல்லாமல் தடுமாறியவர்கள் குறைவு. புறப்படும் நேரம், உடை மாற்றும் நேரம், பைக்குள் பொருளை வைக்கும் இடம் ஆகிய மூன்றில் செய்த பிழைகளால் நனைந்து, குளிர்ந்து, நடையைப் பாதியில் விட்டவர்களே அதிகம்.

இங்கே படிகளின் வரிசை முக்கியம். முதல் ஐந்தும் கடைசியான பன்னிரண்டாவதும் வீட்டிலும், நடைக்குப் புறப்படும் நகரமான போக்ராவிலும் முடித்துவிட வேண்டியவை. பாதையில் கால் வைத்த பிறகு அவற்றைத் திருத்திக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு.

1. வானிலை எதனால் மாறுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் கோடை வந்துவிட்டால், ‘வெப்பச்சலனம் காரணமாக மாலையில் இடியுடன் மழை’ என்று வானிலை அறிக்கையில் அடிக்கடி கேட்கிறோம். அன்னபூர்ணாவில் இளவேனிற்கால மதியங்களில் நடப்பதும் அதே வெப்பச்சலனம்தான். காலை வெயிலில் மலைச்சரிவுகள் சூடாகின்றன. அவற்றை ஒட்டிய காற்று மேலெழுகிறது. அதன் இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று கீழிருந்து ஏறி வருகிறது. ஏறும் காற்று குளிர்ந்து, 10 அல்லது 11 மணிக்கு முகில் திரளாகி, மதியத்துக்கு மேல் இடி, ஆலங்கட்டி, மழை என்று இறங்குகிறது. ஏறத்தாழ 3,000 மீட்டருக்கு மேல் அதுவே பெரும்பாலும் பனியாக விழுகிறது. இரவில் வானம் தெளிந்துவிடும்.

இந்த மலைத்தொடரில் இது மிகவும் கடுமையாக இருப்பதற்குக் காரணம் நில அமைப்பு. சுமார் 820 மீட்டர் உயரத்திலுள்ள போக்ராவிலிருந்து 8,091 மீட்டர் உயரமுள்ள முதலாம் அன்னபூர்ணா வரை நேர்கோட்டில் 50 கிலோமீட்டர்கூட இல்லை. தெற்கிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுக்க இடையில் உயரமான தொடர் எதுவும் கிடையாது. நேபாளத்திலேயே மிக அதிக மழை பெறும் லும்லே, இந்தப் பாதைக்குச் செல்லும் வழியிலேயே இருக்கிறது.

மதிய மழையைத் தவிர வேறு இரண்டு வகைக் குழப்பங்களும் உண்டு. ஒன்று, மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்து வரும் மேற்கத்திய இடையூறு. ஏப்ரல் வரையிலும்கூட அது வந்தால் ஓரிரு நாள் இடைவிடாமல் பனி பெய்யும்; இரவிலும் வானம் தெளியாது. மற்றொன்று வங்கக் கடல் புயல். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்த ஹுட்ஹுட் புயலின் ஈரம் வடக்கே சென்று, இரண்டு நாள் கழித்து அன்னபூர்ணா சுற்றுப்பாதையின் தொரோங் கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் பெரும் பனிப்புயலாகி 40 பேருக்கு மேல் உயிரிழக்கக் காரணமானது. அது இலையுதிர்காலத்தில் நடந்ததுதான். ஆனால் ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும்கூட வங்கக் கடலில் புயல் உருவாகிறது என்பது நமக்குத் தெரியாததன்று.

மதிய மழையை நேரத்தால் வெல்லலாம். மற்ற இரண்டையும் விடுதியில் காத்திருந்துதான் கடக்க வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த வேறுபாட்டின் மேல் நிற்கின்றன.

2. நாள்களைக் கணக்கிடும்போதே இரண்டு உபரி நாள்களைச் சேருங்கள்

போக்ராவிலிருந்து போக்ராவுக்கு வந்து சேர ஏழு நாள் போதும் என்று கணக்கிட்டால், ஒன்பது நாளுக்குப் பின்னரே திரும்பும் விமானச் சீட்டை எடுங்கள். ஒரு நாள் பனி பெய்தால் அது நின்ற பிறகும் மேல்பகுதிப் பாதை உடனே பாதுகாப்பாகிவிடுவதில்லை என்பதால், ஒரே ஓர் உபரி நாள் போதாது.

புதியவர்கள் செய்யும் முதற்பெரும் பிழை இங்கேதான் தொடங்குகிறது. அலுவலக விடுப்பு எத்தனை நாளோ அத்தனை நாளையும் நடையிலேயே நிரப்பிவிடுகிறார்கள். பிறகு, 3,200 மீட்டர் உயரத்திலுள்ள தேவுராலி விடுதிகளில் பனி கொட்டும்போது, சீட்டின் தேதியை நினைத்து, போகக் கூடாத வேளையில் புறப்படுகிறார்கள். ஒரு முறை எங்கள் குழுவில் ஒருவர் இந்த நெருக்கடியில் இருந்தார். அவரைத் தடுத்து உட்கார வைக்க இரவு முழுவதும் பேச வேண்டியிருந்தது. உபரி நாள் செலவாகாமல் மிஞ்சினால் ஜினு தண்டாவின் வெந்நீர் ஊற்றிலோ போக்ரா ஏரிக்கரையிலோ கழிக்கலாம்.

மாதங்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மார்ச்சில் மேலே பழைய பனி அதிகம், மதிய இடி குறைவு. நம் நீலகிரிச் சோலைகளில் காட்டுப்பூவரசு என்று சொல்லும் செந்நிறப் பூமரத்தின் இமயமலை இனம் மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் கீழ்க்காடுகளில் பூத்திருக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து மதிய இடியும் ஆலங்கட்டியும் கூடுகின்றன. மே நடுப்பகுதிக்கு மேல் ஈரம் மிகுந்து, காலையின் தெளிந்த நேரம் குறுகத் தொடங்கும். முதல் முறை செல்பவருக்கு ஏப்ரலின் முதல் மூன்று வாரங்களே ஏற்றவை என்பது என் கருத்து.

3. உடையைக் குளிருக்காக மட்டும் வாங்காதீர்கள், ஈரத்துக்காக வாங்குங்கள்

உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். போக்ராவில் 26 டிகிரி இருக்கும்போது, அதைவிட 3,300 மீட்டர் உயரத்திலுள்ள அடிவார முகாமில் சுமார் 5 டிகிரி இருக்கும் என்று இதிலிருந்து கணக்கிடலாம். இது பகல் கணக்கு. இரவில் உறைநிலைக்குக் கீழே போகும். ஆனால் உலர்ந்த உடையில் இந்தக் குளிரைத் தாங்கிவிடலாம். நனைந்த உடையில் 8 டிகிரியும் காற்றும் சேர்ந்தாலே உடல் தளர்ந்துவிடும்.

ஆகவே பருத்தியை முழுவதுமாக விலக்குங்கள். பனியன், ஜீன்ஸ், பருத்திக் காலுறை எதுவும் வேண்டாம். பருத்தி நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, காய்வதற்கு நம் உடல் சூட்டையே எடுத்துக்கொள்கிறது. பாலியஸ்டர் அல்லது கம்பளி உள்ளாடை, அதன் மேல் மெல்லிய ஃபிளீஸ் சட்டை, எல்லாவற்றுக்கும் மேல் நீர்புகா மேலங்கி ஆகியவை நடக்கும்போது உடுத்துவதற்கு. இறகு அடைத்த குளிரங்கி நடையை நிறுத்திய பிறகு உடுத்துவதற்கு மட்டுமே. அது நனைந்தால் சூட்டைக் காக்கும் தன்மையை ஏறத்தாழ முழுமையாக இழந்துவிடும்.

நீர்புகா மேலங்கியை வாங்குபவர்கள் நீர்புகாக் காற்சட்டையை மறந்துவிடுகிறார்கள். தொடை நனைந்து, அதன் மேல் காற்று படும்போதுதான் நடுக்கம் தொடங்குகிறது. போர்வை போல மாட்டிக்கொள்ளும் பாஞ்சோ கீழ்க்காட்டில் காற்றில்லாத மழைக்கு நன்று. திறந்த சரிவில் காற்றடித்தால் அது முகத்தில் சுருண்டு, கால் வைக்கும் படியை மறைத்துவிடும்.

கையுறை இரண்டு இணை தேவை. ஒன்று கட்டாயம் நனையும். விரல்கள் விறைத்துவிட்டால் பையின் ஜிப்பைக்கூடத் திறக்க முடியாது. உள்ளே எவ்வளவு நல்ல உடை இருந்தும் அப்போது பயனில்லை. இவற்றோடு புறஊதாக் கதிரைத் தடுக்கும் அடர்ந்த கறுப்புக் கண்ணாடி, காதை மூடும் குல்லாய், காலணியின் மேல் மாட்டும் இரும்புப் பல் பட்டைகளான மைக்ரோஸ்பைக், ஊன்றுகோல் ஆகியவையும் வேண்டும். கனமான குளிரங்கியையும் உறக்கப் பையையும் போக்ராவின் ஏரிக்கரைக் கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். காலணியை மட்டும் ஊரிலேயே வாங்கி, ஒரு மாதமாவது நடந்து பழகியிருக்க வேண்டும்.

4. பையை அடுக்கும் வரிசையை வீட்டிலேயே பழகுங்கள்

பைக்கு மேலே போடும் மழையுறை மட்டும் போதும் என்று நம்புவது பொதுவான பிழை. முதுகுப் பக்கமும் தோள்வார்களின் வழியும் நீர் இறங்கும். காற்றில் உறையே பறந்துவிடுவதும் உண்டு. தடித்த பெரிய நெகிழிப் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, அதற்குள்தான் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். மேலுறை இரண்டாவது காப்பு.

அடியில் உறக்கப் பை. அதன் மேல், தனியாகக் கட்டிய ஓர் இணை உலர்ந்த உடை: உள்ளாடை, முழுக்காற்சட்டை, கம்பளிக் காலுறை. இந்த உடையைப் பகலில் எந்தக் காரணத்துக்காகவும் உடுத்தக் கூடாது. மறுநாள் காலை முந்தைய நாளின் ஈர உடையை மாட்டிக்கொள்வது அருவருப்பாக இருக்கும். ஆனாலும் அதைத்தான் மாட்டிக்கொள்ள வேண்டும். உலர்ந்த உடையைப் பாதையில் நனைத்துவிட்டால் அன்றிரவு மாற்றுவதற்கு எதுவும் இருக்காது.

பையின் உச்சியில் மழை மேலங்கி, மழைக் காற்சட்டை, கையுறை, குல்லாய். இவை நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே நிமிடத்தில் எடுத்து உடுத்த முடிகிறதா என்று வீட்டில் மூன்று நான்கு முறை சோதித்துப் பாருங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றலாம். ஆலங்கட்டி தலையில் விழும்போது, இறகு அங்கியையும் சோப்புப் பெட்டியையும் வெளியே எடுத்துப் போட்டு மழை அங்கியைத் தேடியவரை நான் பார்த்திருக்கிறேன். மழை அங்கி கிடைத்தபோது இறகு அங்கி நனைந்திருந்தது.

கைபேசியையும் மின்கலச் சேமிப்பானையும் உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். குளிரில் அவற்றின் மின்சாரம் விரைவில் குறைந்துவிடும்.

5. முன்னறிவிப்பை உயரத்தோடு சேர்த்துப் படியுங்கள்

கைபேசியில் ‘போக்ரா’ என்று தேடி, வெயில் படத்தைக் கண்டு மகிழ்ந்து புறப்படுபவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். 820 மீட்டரில் தூறல் என்பது 4,000 மீட்டரில் ஒரு முழம் பனியாக இருக்கலாம். மலைகளுக்கென, உயரவாரியாகக் கணிப்புத் தரும் தளங்களில் 3,000, 4,000 மீட்டர் அளவுகளைத் தனித்தனியே பாருங்கள்.

கணிப்பில் மூன்றை மட்டும் கவனித்தால் போதும். மழையோ பனியோ மதியம் மட்டும் காட்டப்படுகிறதா, இரவிலும் தொடர்கிறதா என்பது முதலாவது. இரவிலும் தொடர்ந்தால் அது வெப்பச்சலனம் அன்று, மேற்கத்திய இடையூறாக இருக்கலாம். நீர் பனியாக மாறும் உயரம் எது என்பது இரண்டாவது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவாகியுள்ளதா என்பது மூன்றாவது. இதற்கு இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கையே போதும். புயல் வடக்கே திரும்பும் வாய்ப்பு இருந்தால், போக்ராவிலேயே இரண்டு நாள் தங்கிவிடுங்கள்.

மலைப்பாதையில் மூன்று நாளுக்கு அப்பாலுள்ள கணிப்பை வைத்து நான் எந்த முடிவும் எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு மாலையும் விடுதியில், மேலிருந்து அன்று இறங்கி வந்தவர்களிடம் கேட்கிறேன். பனி எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு ஆழம், பாதையில் பனிச்சரிவு விழுந்த தடம் இருந்ததா என்ற மூன்று கேள்விகளுக்கு அவர்கள் சொல்லும் விடை எந்தக் கணிப்பையும்விட நெருக்கமானது. 2023 ஏப்ரல் 1 முதல் வெளிநாட்டு நடைப்பயணிகள் உரிமம் பெற்ற வழிகாட்டியுடன் செல்ல வேண்டும் என்று நேபாள சுற்றுலா வாரியம் அறிவித்தது. விதி என்பதற்காக மட்டுமல்லாமல், விடுதிக்காரர்களும் சுமை தூக்குபவர்களும் அடுப்பங்கரையில் நேபாளியில் பேசிக்கொள்ளும் செய்தி உங்களை வந்தடைவதற்காகவும் வழிகாட்டி தேவை.

6. ஒவ்வொரு நாளையும் மதியத்துக்குள் முடியுமாறு அடுக்குங்கள்

வானிலை திரும்பும் நேரம் மதியம் என்பதால், நடை அதற்குள் முடிந்து, நீங்கள் ஒரு கூரையின் கீழ் இருக்க வேண்டும். இதற்கு ஏற்ற வரிசை பின்வருமாறு. உயரங்கள் பலகைக்குப் பலகை சில பத்து மீட்டர்கள் வேறுபடும்.

முதல் நாள் போக்ராவிலிருந்து ஜீப்பில் சென்று, நீண்ட தொங்குபாலத்தைக் கடந்து ஜினு தண்டா (1,780 மீட்டர்) வழியாகச் சோம்ரோங் (2,170) ஏறிவிடலாம். வண்டி தாமதமானால் ஜினுவிலேயே தங்குங்கள். இரண்டாம் நாள் சினுவா, பேம்பூ வழியாகத் தோபன் (2,600). மூன்றாம் நாள் ஹிமாலயா என்ற விடுதித் தொகுப்பைக் கடந்து தேவுராலி (3,200). நான்காம் நாள் மச்சபுச்சரே அடிவார முகாம் (3,700) வரை மட்டும். ஐந்தாம் நாள் விடியலில் அன்னபூர்ணா அடிவார முகாம் (4,130) சென்று, அன்றே இறங்கி ஹிமாலயாவுக்கோ தோபனுக்கோ வந்துவிட வேண்டும். மீதி இரண்டு நாளில் போக்ரா.

மூன்று, நான்காம் நாள்களின் தொலைவு குறைவாக இருப்பதைப் பார்த்து, இரண்டையும் ஒன்றாக்கிவிடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டு காரணங்களால் கூடாது. 3,000 மீட்டருக்கு மேல் உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டுவது உயர நோய்க்கு இடம் கொடுக்கும். தோபனிலிருந்து மச்சபுச்சரே முகாம் வரை ஒரே நாளில் நடந்தால், மிக அபாயமான பகுதியை மிகக் கெட்ட நேரத்தில், களைத்த கால்களுடன் கடக்க நேரிடும்.

காலை 6 மணிக்கு நடக்கத் தொடங்குங்கள். காலைச் சிற்றுண்டியை முந்தைய நாள் இரவே சொல்லி வைத்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டால் அடுப்பு ஒன்றுதான், ஒரு மணி நேரம் போய்விடும். நேபாள நேரம் நம் நேரத்தைவிட 15 நிமிடம் முன்னே இருப்பதால் கைக்கடிகாரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். 11 மணிக்கு எங்கே இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அடுத்த விடுதி ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைவிலிருந்தால், கையெட்டும் தொலைவிலுள்ள விடுதியில் அன்றைய நடையை முடித்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் விடுதிகள் நிரம்பிவிடும் என்பதாலும் முன்கூட்டியே சேர்வது நல்லது.

7. நடக்கும்போது வானத்தைக் கவனிக்கும் முறை

அரை மணிக்கு ஒரு முறை நின்று, வந்த வழியைத் திரும்பிப் பாருங்கள். புதியவர்கள் முன்னாலுள்ள சிகரத்தையே பார்க்கிறார்கள். ஆனால் பாதை செல்லும் மோதி கோலா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மதிய முகில் பெரும்பாலும் பின்னால், தெற்கிலிருந்து ஏறி வருகிறது. சிகரம் பளிச்சென்று இருக்கும்போதே காலுக்குக் கீழே பள்ளத்தாக்கு வெண்மையாகிவிட்டிருக்கும்.

9 மணிக்கு முன்பே முகில் திரண்டு, காலிபிளவர் போல மேல்நோக்கி வளர்ந்தால், அன்று மழை முந்திக்கொள்ளும். சிகரத்தில் தொப்பி வைத்தது போல வழுவழுப்பான முகில் நின்றால் மேலே காற்று பலமாக இருக்கிறது என்று பொருள். இழை இழையான உயர் முகில் மேற்கிலிருந்து பரவி, சூரியனையோ நிலவையோ சுற்றிக் கோட்டை கட்டி, பிறகு வானம் முழுவதும் சாம்பல் நிறமாக மூடினால், ஒரு நாளுக்குள் நீண்ட பனிப்பொழிவு வரக்கூடும்.

உயரமானி உள்ள கைக்கடிகாரம் காற்றழுத்தத்தை வைத்தே உயரத்தைக் கணிக்கிறது. விடுதியில் உறங்கி எழுந்ததும் உயரம் 40, 50 மீட்டர் கூடியதாகக் காட்டினால், நீங்கள் ஏறவில்லை, அழுத்தம் இறங்கியிருக்கிறது. அது கெடும் வானிலையின் அறிகுறி.

முதல் துளி விழுந்த பிறகு மழை அங்கியைத் தேடாதீர்கள். காற்று சட்டென்று குளிர்ந்து திசை மாறும்போதோ முதல் இடி கேட்கும்போதோ நின்று, உலர்ந்த நிலையிலேயே காற்சட்டை உட்பட எல்லாவற்றையும் மாட்டிக்கொள்ளுங்கள். அதேபோல, புறப்படும்போது சற்றுக் குளிர்கிற உடையிலேயே நடக்கத் தொடங்குங்கள். கனத்த உடையில் ஏறினால் பத்து நிமிடத்தில் வியர்வை உள்ளாடையை நனைத்துவிடும். மழை இல்லாமலே நனைந்தவர் ஆகிவிடுவீர்கள்.

8. தேவுராலிக்கும் மச்சபுச்சரே முகாமுக்கும் இடையே

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். தேவுராலிக்குச் சற்றுக் கீழேயுள்ள ஹிங்கு குகையின் அருகிலும், தேவுராலிக்கு மேலும் பாதை, மேற்கிலுள்ள ஹியுஞ்சுலி மலையின் (6,441 மீட்டர்) அடியில் செல்கிறது. அதன் உயர்சரிவுகளில் சேரும் பனி குறுகிய ஓடைவழிகள் வழியாகப் பாதையின் மேல் வந்து விழுகிறது. விழும் இடத்திலிருந்து பார்த்தால் அந்தப் பனிச்சரிவு புறப்படும் இடம் தெரிவதில்லை. 2020 ஜனவரி 17 அன்று இந்தப் பகுதியில் நிகழ்ந்த பனிச்சரிவில் தென்கொரியர் நால்வரும் நேபாளியர் மூவரும் உயிரிழந்தார்கள்.

பள்ளத்தாக்கின் அடியில் இன்னும் நிழலாக, குளிராக இருக்கிறதே, பனி இறுகியிருக்கும் என்று நினைப்பது தவறு. ஹியுஞ்சுலியின் கிழக்குச் சரிவுகள் உங்களுக்கு மேலே 2,000 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் காலை வெயிலை முதலில் பெறுகின்றன. நீங்கள் கையுறையுடன் நடக்கும்போதே அங்கே பனி இளகத் தொடங்கியிருக்கும். ஆகையால் இங்கே காலை என்பது 9 மணி அன்று. முதல் வெளிச்சத்தில் புறப்பட்டு, மேலே வெயில் ஏறுவதற்குள் கடந்துவிட வேண்டும்.

முந்தைய 24 மணி நேரத்தில் கணிசமான புதுப்பனி விழுந்திருந்தால் செல்லாதீர்கள். புதுப்பனி பழைய பனியோடு ஒட்டி இறுக நேரம் வேண்டும். விழுந்த பின் ஒன்றிரண்டு நாள்கள்தான் மிக ஆபத்தானவை, அதிலும் பனிக்குப் பிந்தைய முதல் வெயில் நாள் வஞ்சகமானது. வானம் நீலமாகி எல்லோரும் மகிழ்ச்சியுடன் புறப்படும் நாளும் அதுதான்.

ஆற்றின் கிழக்குக் கரை வழியாக ஒரு மாற்றுப் பாதை உண்டு. ஆபத்து மிகும் நாள்களில் அந்த வழியே செல்லும்படி விடுதிக்காரர்கள் சொல்வார்கள். கூடுதல் நேரம் ஆகும் என்று தயங்காமல் அவர்கள் சொன்ன கரையிலேயே செல்லுங்கள்.

பனிச்சரிவுத் தடத்தைக் கடக்கும்போது ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு, நிற்காமல் நடக்க வேண்டும். ஊன்றுகோலின் மணிக்கட்டு வாரைக் கழற்றிவிடுங்கள். காதில் பாட்டு வேண்டாம். நடுவில் நின்று படம் எடுப்பதே இங்கே நான் அதிகம் பார்த்த பிழை. பழைய பனிச்சரிவின் குவியல் அழகாக இருக்கும், ஆனால் ஒரு முறை விழுந்த வழியில்தான் மறுமுறையும் விழும்.

திரும்பும் வழியும் இதுவே என்பதை மறந்துவிடுகிறார்கள். அடிவார முகாமில் சூரிய உதயம் பார்த்து, நிதானமாக உண்டு, 10 மணிக்குப் புறப்பட்டால், இந்தப் பகுதிக்கு வந்து சேரும்போது மதியம் நெருங்கியிருக்கும். மச்சபுச்சரே முகாமிலிருந்து காலை 4 மணிக்கு நெற்றிவிளக்குடன் புறப்பட்டு, 6 மணிக்கு முன் மேலே சேர்ந்து, முக்கால் மணி நேரம் இருந்து, 8 மணிக்குள் மச்சபுச்சரே முகாமைக் கடந்து இறங்கிவிட வேண்டும். தாமதமாகிவிட்டதென்றால் முகாமிலேயே இன்னோர் இரவு தங்கி, மறுநாள் முதல் வெளிச்சத்தில் இறங்குங்கள். உபரி நாள் இதற்காகத்தான்.

9. இடியும் ஆலங்கட்டியும் பாதையில் பிடித்துக்கொண்டால்

மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான வினாடிகளை எண்ணி 3 ஆல் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பின் 30 நிமிடம் கழிந்தே மீண்டும் நடக்கத் தொடங்குங்கள்.

தொங்குபாலங்கள் எஃகுக் கம்பிகளால் ஆனவை. இடிக்கும்போது அவற்றில் ஏறவோ அருகில் நிற்கவோ கூடாது. தனி மரத்தடியும் திறந்த மேடும் கூடாது. அடர்ந்த காட்டில், சுற்றியுள்ளவற்றைவிட உயரம் குறைந்த மரங்களுக்கு நடுவே, ஒருவருக்கொருவர் விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தி இருங்கள். விடுதிக்குள் இருந்தாலும் சார்ஜில் இருக்கும் கைபேசியையும் குழாய்களையும் தொடாதீர்கள்.

ஆலங்கட்டிக்குப் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொள்ளலாம். அது நின்ற பிறகுதான் கால் வழுக்கும். சோம்ரோங்கின் கற்படிகளில் ஆலங்கட்டிகள் உருளைகளைப் போல உருளும். கால் மணி நேரம் பொறுத்திருந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும்.

10. பனி விழுந்த பாதையில்

புதுப்பனி தன் மேல் படும் ஒளியில் 80 விழுக்காடு வரை திருப்பி அனுப்பும். முகில் மூடியிருந்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். கண் கூசி எரிவது பல மணி நேரம் கழித்தே தெரியும். அப்போது செய்ய முடிவது குறைவு. மூக்கின் அடியிலும் தாடையின் கீழும் சன்ஸ்கிரீன் தடவுங்கள். ஒளி கீழிருந்து வருகிறது.

இறுகிய காலைப் பனியில் மைக்ரோஸ்பைக் தேவை. வெறும் கல்லில் அதை மாட்டி நடந்தால் வழுக்கும், பல்லும் மழுங்கும். மூடுபனியில் பாதை மறைந்தால் முன்னே சென்று தேடாதீர்கள். கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்புங்கள்.

11. ஒருவர் நனைந்து நடுங்கினால்

நடுக்கத்தோடு, பேச்சு குழறுவது, பொருளைக் கைநழுவ விடுவது, காரணமின்றி இடறுவது ஆகியவை தெரிந்தால் உடல் வெப்பம் இறங்குகிறது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவரே சொல்வார். அதை நம்ப வேண்டாம். நடுக்கம் நின்று சோர்ந்துவிட்டால் நிலைமை மோசமாகியிருக்கிறது என்று பொருள்.

முதலில் காற்றிலிருந்து மறைவு. பிறகு ஈர உடை முழுவதையும் களைந்து, பைக்குள் தனியாகக் கட்டி வைத்த உலர்ந்த இணையை உடுத்தி, உறக்கப் பைக்குள் படுக்க வையுங்கள். விழிப்புடன் விழுங்க முடிகிறவருக்கு இனிப்பான சூடான பானம் தரலாம். மது தரக் கூடாது. கை கால்களைத் தேய்க்கவும் கூடாது. வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி மார்பிலும் அக்குளிலும் வையுங்கள். ஈர உடையின் மேலேயே கம்பளியைப் போர்த்திவிட்டுத் தேநீர் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

உடல் சூடேறிய பிறகும் தலைவலி, வாந்தி, நேர்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம் ஆகியவை இருந்தால் அது குளிரால் வந்ததன்று, உயரத்தால் வந்தது. அதற்குக் கீழே இறங்குவதே மருந்து. மச்சபுச்சரே முகாமில் இது நேர்ந்து, கீழே பனிச்சரிவுப் பகுதி ஆபத்தாக இருக்குமானால் முடிவெடுப்பது மிகவும் கடினமாகிவிடும். அதனால்தான் தேவுராலியில் தங்கும் இரவிலேயே ஒவ்வொருவரின் தலைவலியையும் பசியையும் விசாரிக்கிறேன். அங்கே தலைவலி உள்ளவரை மறுநாள் மேலே அழைத்துச் செல்வதில்லை.

12. திரும்புவதற்கான நிபந்தனைகளைப் போக்ராவிலேயே எழுதிக்கொள்ளுங்கள்

குழுவில் எல்லோரும் உட்கார்ந்து, எந்தெந்த நிலையில் திரும்புவோம் என்பதைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். நாங்கள் எழுதுவது நான்கு: இரவு முழுவதும் பனி பெய்தால் மறுநாள் தேவுராலியைத் தாண்டுவதில்லை, விடுதிக்காரரோ வழிகாட்டியோ வேண்டாம் என்றால் விவாதிப்பதில்லை, ஒருவருக்குத் தலைவலியுடன் வாந்தி வந்தால் அவருடன் ஒருவர் கட்டாயம் இறங்குவார், உபரி நாள்கள் இரண்டும் தீர்ந்துவிட்டால் எங்கே இருந்தாலும் கீழ்நோக்கித்தான் நடை.

மேலே, 3,200 மீட்டர் உயரத்தில், களைப்பும் ஆசையும் சேர்ந்திருக்கும்போது எடுக்கும் முடிவைவிட, ஏரிக்கரையில் தெளிந்த மனத்துடன் எடுத்த முடிவு சரியாக இருக்கும் என்பதே இதன் காரணம். என் மூன்றாவது நடையில் அந்தத் தாளின் முதல் வரி எங்களைத் தேவுராலியிலேயே நிறுத்தியது. இரண்டு இரவுகள் அங்கே தங்கினோம். மூன்றாம் நாள் காலை 5 மணிக்கு விடுதிக்காரர் கிழக்குக் கரையைக் கைகாட்டினார். அந்த வழியில் ஆறு பேரும் சென்று, மறுநாள் அதே வழியில் ஆறு பேரும் இறங்கினோம்.